பயோடீசல் கலந்த வேன் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

"பயோடீசல் போட்டதிலிருந்து வண்டி சரியில்லை" என்று சொல்லிக் கொண்டுவரும் பல வேன்களில் இன்ஜினைத் தொட வேண்டிய தேவையே இருப்பதில்லை. கோளாறு டேங்கின் அடியில் கிடக்கும், இல்லையென்றால் ஃபில்டருக்குள் உட்கார்ந்திருக்கும். அதனால் ஸ்கேனரை மாட்டும் முன் மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை சதவீதக் கலப்பு போட்டீர்கள்? அது டேங்கில் எத்தனை நாளாக இருக்கிறது? அதற்கு முன் அந்த டேங்கில் என்ன ஓடியது? சொந்த வண்டிக்காரர் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுவார். வாடகை வண்டியில் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. போன வாரம் யார் எடுத்தார், எங்கே நிரப்பினார், எத்தனை நாள் நிறுத்தி வைத்தார், ஒன்றும் தெரியாது. அந்தக் கதையை எரிபொருளிடமேதான் கேட்டு வாங்க வேண்டும்.

பம்பில் இருக்கும் எண் கலப்பின் அளவைச் சொல்கிறது. பி-7 என்றால் 100 லிட்டரில் 7 லிட்டர் வரை பயோடீசல், பி-20 என்றால் 20 லிட்டர் வரை, பி-100 என்றால் முழுக்க அதுவே. வெறும் "டீசல்" என்று எழுதிய பம்பிலும் அது இருக்கலாம். ஐரோப்பாவின் இஎன் 590 தரம் 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது. இந்தோனேசியாவில் 2020-இல் பி-30, 2023-இல் பி-35 என்று அளவு ஏறியது. தாவர எண்ணெயையோ விலங்குக் கொழுப்பையோ மெத்தனாலோடு வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்தெடுத்த பின் கிடைப்பதுதான் பயோடீசல். சமையல் எண்ணெயை வடிகட்டி நேரே டேங்கில் ஊற்றுவது வேறு சங்கதி. அந்த எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. எரிபொருளைப் பொடித்துளியாகச் சிலிண்டருக்குள் பீச்சும் நவீன இன்ஜெக்டருக்கு அது ஆகாது, அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

பயோடீசலுக்கு நான்கு குணம் உண்டு. பழைய அழுக்கைக் கரைக்கும். தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். நாள்பட்டால் கெடும். குளிரில் சீக்கிரம் உறையும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டில்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே போங்கள். வண்டி இரவு முழுக்க அசையாமல் நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஃபில்டருக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வடிகட்டும் திருகைத் தளர்த்தி, முதலில் வரும் கால் லிட்டரை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், மங்கலாகத் தெரியும். பாட்டிலை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு, பின்னால் அச்சடித்த காகிதம் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.

எழுத்து தெளிவாகத் தெரிந்தால் நல்லது. நிறம் மஞ்சளோ லேசான பழுப்போ, பரவாயில்லை. அடியில் கோடு போட்டாற்போல் ஒரு அடுக்கு பிரிந்து நின்றால் அது தண்ணீர். அந்தக் கோட்டின்மேல் கறுப்பாகவோ பழுப்பாகவோ பாசிபோல ஒரு படலம் மிதந்தால், தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்கிறது. முழுப் பாட்டிலும் பால் கலந்தாற்போல் மங்கலாக இருந்தால் அது தண்ணீராகவும் இருக்கலாம், குளிரில் உறைந்த மெழுகாகவும் இருக்கலாம். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குங்கள். நெருப்பில் காட்டவே கூடாது. பிறகு அறையிலேயே ஆற விடுங்கள். ஆறிய பிறகும் தெளிவாக இருந்தால் மெழுகு. திரும்ப மங்கினால் தண்ணீர்.

டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரியவில்லை, அதனால் தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயோடீசல் கலந்த எரிபொருளில் தண்ணீர் மிகப் பொடியான துளிகளாகக் கலந்தே நிற்கும். ஃபில்டரோடு இருக்கும் தண்ணீர் பிரிக்கும் பகுதியான வாட்டர் செப்பரேட்டரில் சுலபமாகப் பிரிந்து கீழே இறங்காது. சென்சாருக்கு எட்டாமலேயே பம்புக்குப் போய்ச் சேரும்.

இழுவை இல்லை, ஏற்றத்தில் திணறுகிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகிறது

அதிகம் வருகிற புகார் இதுதான். காரணம் அநேகமாக ஃபில்டர் அடைப்பு. ஆனால் ஃபில்டரை மாற்றிவிட்டு அனுப்பினால் அதே வண்டி அதே வாரம் திரும்பி வரும். எதனால் அடைத்தது என்று பார்க்காதவரை வேலை முடியவில்லை.

ஒரு வாடகை வேனில் இதை நான் வலிக்க வலிக்கக் கற்றுக்கொண்டேன். கொஞ்ச தூரம் நன்றாக ஓடும். பிறகு மெல்ல மெல்ல இழுவை குறைந்து நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரங்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகி ஓடும். "அண்ணே, நிறுத்தி வச்சா சரியாயிடுது, ஓட்டினா நின்னுடுது" என்றார் டிரைவர். அந்த ஒரு வாக்கியத்திலேயே காரணம் இருந்தது, நான் கவனிக்கவில்லை. டேங்கிலிருந்து எரிபொருளை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் சூடேறிச் சோர்கிறது என்று நினைத்துப் பம்பை மாற்றினேன். இரண்டாவது நாள் வண்டி மறுபடி வந்தது. டேங்கை இறக்கிப் பார்த்தபோது, எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் வலையில் ஈரத்தோல்போல ஒரு கறுப்புப் படலம் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் கொழகொழவென்று வந்தது, அழுகின நாற்றம். இன்ஜின் ஓடும்போது உறிஞ்சும் வேகத்தில் அந்தப் படலம் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் உறிஞ்சல் நின்று, படலம் கழன்று அடியில் விழும். பத்து நிமிடம் கழித்து வழி திறந்திருக்கும். விசாரித்தபோதுதான், அந்த வேன் அரை டேங்க் எரிபொருளோடு மூன்று மாதம் வெளியில் நின்றிருந்தது தெரிந்தது. காலியான அரை டேங்கில் இருந்த காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து வடிந்திருக்கிறது. மூன்று மாதம் கிருமிக்குத் தாராளமான அவகாசம்.

அதிலிருந்து, கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறிவதில்லை. கத்தியால் பிளந்து மடிப்புகளை விரித்துப் பார்ப்பேன்.

மடிப்பில் துருப்பொடி, கரிய தூசி, மணல்போன்ற கசடு இருந்தால் அது டேங்கிலும் குழாயிலும் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த பழைய அழுக்கு. பயோடீசல் அதைக் கரைத்துக் கொண்டுவந்திருக்கிறது. பழைய வண்டியில் முதன்முறை அதிகக் கலப்பு போட்டவுடன் இது நடக்கும். பி-20-இல் மிதமாக, பி-100-இல் கடுமையாக. இது ஒரு தடவை நடந்து ஓய்கிற சமாசாரம். கையில் ஒரு ஃபில்டரை உபரியாக வைத்துக்கொண்டு, முதல் இரண்டு மூன்று டேங்க் ஓடியபின் மாற்றிவிட்டால் அடங்கிவிடும். பயந்து பயோடீசலைக் கைவிட வேண்டியதில்லை.

கொழகொழப்பான கறுப்புப் பசை என்றால் கிருமி. கிருமிக்கொல்லி மருந்தை மட்டும் டேங்கில் ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. செத்த படலம் மொத்தமாகப் பெயர்ந்து அடுத்த ஃபில்டரை அடைக்கும். டேங்கை இறக்கி, அடித்தண்ணீரை முழுக்க எடுத்து, துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, புது எரிபொருளோடு மருந்தைச் சேர்க்க வேண்டும். மருந்தின் டப்பாவில் உள்ள அளவை மீறாதீர்கள். கையுறை கட்டாயம். தண்ணீர் இல்லாவிட்டால் கிருமி வாழாது. ஆகவே தண்ணீர் எப்படி உள்ளே வந்தது என்பதையும் கண்டுபிடியுங்கள்: மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, வெளியில் வைத்த டிரம்மிலிருந்து நிரப்பினார்களா?

அரக்குபோல ஒட்டுகிற பழுப்புப் படிவு என்றால் எரிபொருளே பழசாகிக் கெட்டிருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

மடிப்பில் வெள்ளிபோல மினுக்கும் உலோகத் தூள் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஹை பிரஷர் பம்ப் தேய்ந்து உதிர்கிறது. ஃபில்டரை மாற்றி ஓட்டினால் அந்தத் தூள் இன்ஜெக்டர் வரை போகும்.

புது ஃபில்டர் போட்ட பிறகு காற்று வெளியேற்றுவது: கை பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். மின்சார பம்ப் என்றால் சாவியை நான்கைந்து தடவை ஆன் செய்து விடுங்கள். பழைய இன்ஜினில் செய்வதுபோல, ஸ்டார்ட் செய்து கொண்டே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்தும் பழக்கத்தை காமன் ரெயில் வண்டியில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகிற வண்டியில், மறந்துவிடுங்கள். அந்தக் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே ஏறும். நூல்போல வரும் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையையே இழக்க நேரிடும்.

காலையில் செல்ஃப் அடித்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை, வெயில் ஏறியதும் சரியாகிறது

பேட்டரியும், ஸ்டார்ட் ஆகும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கும் நன்றாக இருந்து, முந்தின இரவு குளிராக இருந்திருந்தால், ஃபில்டரில் மெழுகு கட்டியிருக்கும். எந்த எண்ணெயிலிருந்து செய்தார்கள் என்பதைப் பொறுத்தது இது. கலக்காத சோயா பயோடீசல் 0 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் மங்கத் தொடங்கும். பாமாயிலிலிருந்து செய்தது 13 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே மங்கிவிடும். விலங்குக் கொழுப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். பி-20-இல் இந்தப் புள்ளி எவ்வளவோ கீழே போய்விடும், பி-7-இல் இன்னும் கீழே. சமவெளியில் நிரப்பிக்கொண்டு மலைக்குப் போகிற வாடகை வேன்களுக்குத்தான் இது முதலில் வரும்.

உடனடி வைத்தியம் பொறுமைதான். வண்டியைக் கூரைக்குள் தள்ளிச் சூடு ஏற விடுங்கள், அல்லது ஃபில்டரின்மேல் துணியைச் சுற்றி வெந்நீர் விடுங்கள். டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டுவது பல இடங்களில் வழக்கம். வண்டியும் ஆளும் சேர்ந்து எரிந்துபோகிற வேலை அது. பெட்ரோல் கலந்து இளக்குவதும் கூடாது. மசகுத்தன்மை போய்ப் பம்ப் தேயும். ஸ்டார்ட் ஆனதும் சாதாரணக் குளிர்கால டீசலை நிரப்பிக் கலப்பின் அளவைக் குறையுங்கள்.

டேங்கிலோ டிரம்மிலோ நீங்களே கலப்பவராக இருந்தால் வரிசை முக்கியம். பயோடீசல் டீசலைவிடக் கனமானது: லிட்டருக்கு 0.88 கிலோ அளவில், டீசல் 0.83, 0.84. பயோடீசலை முதலில் ஊற்றினால் அது அடியில் போய்ப் படிந்து, இன்ஜினுக்கு முதலில் பி-100 போகும். குளிர்ந்த டேங்கில் இன்னும் மோசம். டீசலை முதலில் ஊற்றி, அதன்மேல் பயோடீசலை ஊற்றுங்கள். இறங்கும்போதே கலந்துகொள்ளும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வெயில் ஏறியும், வெந்நீர் விட்டும் ஃபில்டரில் வெள்ளைப் படிவு கரையாமல் நின்றால், அது சரியாகச் சுத்திகரிக்காத பயோடீசலில் மிஞ்சிய மோனோகிளிசரைடு, அதாவது அரைகுறையாக வினைபுரிந்த கொழுப்பு. மங்கும் வெப்பநிலைக்கு மேலேயே இது பிரிந்து படியும், லேசில் கரையாது. அந்த எரிபொருளை முழுக்க இறக்கிவிட்டு, வாங்குகிற இடத்தை மாற்றுவதுதான் வழி.

வாரக்கணக்கில் நின்ற வண்டி: கரடுமுரடான ஐட்லிங், வெள்ளைப் புகை, மிஸ்ஸிங்

பாட்டிலில் பிடித்த எரிபொருளை முகர்ந்து பாருங்கள். நல்ல பயோடீசல் கலப்பு டீசல் வாசனையோடு லேசாக எண்ணெய் வாசனை அடிக்கும். புளித்த வாடை, பழைய பெயின்ட் வாடை வந்தால் காற்றோடு வினைபுரிந்து அமிலமும் பிசினும் ஆகிவிட்டது என்று பொருள். அந்தப் பிசின் இன்ஜெக்டரின் ஊசியில் மெழுகியதுபோல் படிந்து ஒட்ட வைக்கும். நான் ஆறு மாதத்துக்கு மேல் எந்தக் கலப்பையும் வைத்துக்கொள்வதில்லை. வெப்பமான இடத்தில் அதையும் குறைத்துக்கொள்வேன்.

கெட்ட எரிபொருளை நல்லதோடு கலந்து ஓட்டித் தீர்த்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். இறக்குங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். புது டீசலில் இன்ஜெக்டர் கிளீனர் சேர்த்து ஒரு முழு டேங்க் ஓட்டிப் பாருங்கள். பல தடவை இதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிக்கக் கொடுக்க வேண்டும்.

சேமிக்கிற பாத்திரத்தையும் பாருங்கள். செம்பு, பித்தளை, ஈயம், துத்தநாகம் எல்லாம் பயோடீசலைக் கெடுப்பதை விரைவாக்கும். துத்தநாகம் பூசிய டிரம்மும் பித்தளைக் குழாயும் கண்ணுக்கு உறுதியாகத் தெரியும், எரிபொருளுக்கு ஆகாது. ஸ்டீல், அலுமினியம் நல்லது. இன்னொன்று: காமன் ரெயில் இன்ஜினில் மிஞ்சும் எரிபொருள் சூடாக டேங்குக்குத் திரும்புகிறது. டேங்கில் கொஞ்சமாக வைத்தே ஓட்டினால் அதே எரிபொருள் திரும்பத் திரும்பச் சூடேறிச் சீக்கிரம் கெடும்.

டிப் ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் ஏறிக்கொண்டே போகிறது

இது சத்தம் போடாது, விளக்கும் எரியாது. எனக்குப் பிடிக்காத கோளாறும் இதுதான், ஏனென்றால் தெரியவரும்போது பேரிங் போயிருக்கும். ஆயில் குறைவதற்குப் பதில் கூடினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அதில் எரிபொருள் இறங்குகிறது.

டிபிஎஃப் என்கிற புகைவடிகட்டி இருக்கும் வேன்களில், சேர்ந்த கரியை எரிக்க அவ்வப்போது ரீஜெனரேஷன் நடக்கும். பல இன்ஜின்கள் அதற்காக எரிப்பு முடிந்த பிறகும் சிலிண்டருக்குள் கொஞ்சம் எரிபொருளைப் பீச்சுகின்றன. அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டீசலாக இருந்தால் ஆயில் சூடேறும்போது ஓரளவு ஆவியாகிவிடும். பயோடீசலின் கொதிநிலை அதிகம், 300 டிகிரிக்கும் மேலே. அது ஆயிலிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகும். ஆயில் இளகும், பிறகு பயோடீசல் ஆயிலுக்குள்ளேயே கெட்டுக் கசடாகும்.

நகருக்குள் நின்று நின்று போகிற டெலிவரி வேன்களில்தான் இது அதிகம். ரீஜெனரேஷன் தொடங்கும், முடிவதற்குள் டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவார், மறுபடி தொடங்கும். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றே மாற்றுங்கள். கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டுவது போதாது. பி-20 ஓடும் டிபிஎஃப் வேன்களுக்கு நான் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கிவிட்டேன், வாரம் ஒரு முறை டிப் ஸ்டிக் அளவைக் குறித்து வைக்கிறேன். ரீஜெனரேஷன் நடக்கும்போது நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் விடாமல் ஓட்டச் சொல்லி டிரைவர்களிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

கசிவு, பிசுபிசுத்த ஹோஸ், நிறம் போன பெயின்ட்

பழைய வண்டிகளில் இயற்கை ரப்பரும் சில நைட்ரைல் சீல்களும் அதிகக் கலப்பில் ஊதி மெத்தென்று ஆகிவிடும். ஹோஸை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல அமுங்கினால் காலம் முடிந்தது. அதே அளவு ஹோஸை, பயோடீசலைத் தாங்கும் செயற்கை ரப்பரான வைட்டானில் வாங்கிப் போடுங்கள், திரும்பக் கேட்காது. நிரப்பும்போது சிந்தினால் உடனே துடையுங்கள், கலக்காத பயோடீசல் பெயின்டை உரிக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது மூடியுள்ள உலோகத் தொட்டியில் தண்ணீருக்குள் போடுங்கள்.

மைலேஜ் குறைந்தது, எண்ணெய்ப் பலகார வாசனை வருகிறது

வாசனை கோளாறே இல்லை. மைலேஜைப் பொறுத்தவரை, பி-100-இல் லிட்டருக்கு 8 சதவீதம் வாக்கில் ஆற்றல் குறைவு, பி-20-இல் ஒன்று இரண்டு சதவீதம்தான். பி-20 போட்டு 10 சதவீதம் குறைந்ததென்றால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், முடியாத ரீஜெனரேஷன் இவற்றைப் பாருங்கள்.

வாடகைக்கு எடுப்பவரும் விடுபவரும்

எடுப்பவர் முதலில் எரிபொருள் மூடியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலிருந்து பம்பிலும் புது வண்டி மூடியிலும் ஒரே மாதிரி அடையாளம் உண்டு. டீசல் வகைகளுக்குச் சதுரம், அதற்குள் பி-7, பி-10. பி-7 என்று இருந்தால் அதற்கு மேல் போடாதீர்கள். வாரண்டியும் ஒப்பந்தமும் அதில்தான் நிற்கின்றன. அடையாளமே இல்லையென்றால் கையேட்டைப் பாருங்கள், அல்லது விடுபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்டிஎல் என்று எழுதிய பம்ப் வேறு வகை: ஹைட்ரஜன் ஏற்றிச் செய்யும் அந்த டீசலுக்கு மேலே சொன்ன குணங்கள் இல்லை. ஆனாலும் மூடியில் அதற்கு அனுமதி இருக்க வேண்டும்.

தவறிப் பி-20 போட்டுவிட்டால் பதற வேண்டாம். 60 லிட்டர் டேங்கில் 15 லிட்டர் பி-20 போயிருக்கிறது என்று வையுங்கள். பயோடீசல் கலக்காத 45 லிட்டர் டீசலால் நிரப்பினால் கலப்பு 5 சதவீதமாகிவிடும். பம்பில் கிடைப்பது பி-7 என்றால் 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். பாதி ஓடியதும் மறுபடி நிரப்புங்கள். பி-100 போட்டிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் விடுபவரை அழையுங்கள். எது நடந்தாலும் மறைக்காதீர்கள். அடுத்து எடுப்பவர் அந்த எரிபொருளோடுதான் மலையேறப் போகிறார்.

விடுபவர் செய்ய வேண்டியது அதிகம். வண்டி திரும்பியதும் நிரப்பிய ரசீதையும், பம்பின் எண் தெரியும் ஒரு புகைப்படத்தையும் வாங்கி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிற வண்டியின் டேங்கை முழுக்க நிரப்பி வையுங்கள். காற்றுக்கு இடமில்லையென்றால் ஈரம் வடியவும் இடமில்லை. மாதம் ஒரு முறை செப்பரேட்டரிலிருந்து அந்தக் கால் லிட்டரைப் பிடித்து, பாட்டிலில் வண்டி எண்ணையும் தேதியையும் எழுதி, வெளிச்சம் படாத அலமாரியில் அடுத்த மாதம்வரை வையுங்கள். புதுப் பாட்டிலைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வண்டியின் எரிபொருள் மாறத் தொடங்கியிருக்கிறது என்பது வண்டி வழியில் நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.